பழைய நகலிலிருந்து வந்த பேச்சித்தாய்

குலதீபம் நூற்பாலையின் சர்வர் செத்துப்போன அன்று, மத்தியானச் சாப்பாட்டுக்குச் சங்கு ஊதி, பெண்கள் எல்லாம் புருவத்தில் ஒட்டிய பஞ்சைத் துடைத்தபடி தூக்குவாளிகளைத் திறந்துகொண்டிருந்த நேரத்தில், ஒருத்தி தள்ளி உட்கார்ந்திருந்தவளிடம் ஊறுகாய் கேட்பதற்காகக் கூப்பிட வாயெடுத்தாள். வாயில் பெயர் வரவில்லை. சிரித்துக்கொண்டே பக்கத்தில் இருந்தவளிடம், "ஏடி, அந்தா இருக்காளே, அவ பேரு என்னடி?" என்று கேட்டாள். அவளுக்கும் தெரியவில்லை. பிறகு அவரவர் தம்தம் பெயரைச் சொல்லிப் பார்த்தார்கள், ஒருவருக்கும் வரவில்லை. கொஞ்ச நேரம் சாப்பாட்டுக்கூடமே வாயை அசைத்து அசைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது, அதற்குள் மறுபடி சங்கு ஊதிவிட்டதால் எல்லோரும் கையைக் கழுவிக்கொண்டு மெஷினுக்குப் போனார்கள்.

என்ன நடந்தது என்று தெரிந்தவன் வெயிலுமுத்து ஒருவன்தான். மில்லின் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் பொறுப்பு அவன். வெளி ஏஜென்சி மூலம் வந்த ஆள் என்பதால் மில் ஆட்களோடு அவன் பெயர் சர்வரில் ஏற்றப்படவில்லை, அதனால் அது தப்பித்தது. ஆபீஸ் ஆட்களின் கணக்கு கோயம்புத்தூர் தலைமை ஆபீஸில் இருந்ததால் அவர்கள் பெயர்களும் தப்பித்தன. தொலைந்தவை எல்லாம் டோக்கன் போட்டு மெஷினில் நிற்கிறவர்களுடைய பெயர்கள். முன்பு நின்று விலகிப்போனவர்கள், செத்துப்போனவர்கள் பெயர்களும் அதே பெட்டிக்குள் இருந்ததால் அவையும் சேர்ந்தே போயின. வெயிலுமுத்துவின் மனைவி மில்லில் ஸ்பின்னிங் பிரிவில் இருந்தாள். அதனால்தான் இந்தக் கதையிலும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாமல் இருக்கிறது.

அவன் சொல்லாமல் விட்டான் என்று யாரும் குறை சொல்ல முடியாது. சர்வருக்குள் இரண்டு டிஸ்க்குகள் ஜோடியாக ஓடின. ஒன்றில் எழுதுவது அப்படியே மற்றதிலும் எழுதப்படும், ஒன்று போனாலும் மற்றது தாங்கிப் பிடிக்கும். பொங்கல் முடிந்த கையோடு அதில் ஒன்று செத்து, பெட்டியின் முகப்பில் ஆரஞ்சு விளக்கு எரிய ஆரம்பித்தது. அன்றைக்கே அவன் ஜெனரல் மேனேஜர் தேசிகாமணியின் அறைக்குப் போய் நின்றான்.

"ரெண்டு டிஸ்க்கு இருக்கு, ஒண்ணு போனா இன்னொண்ணு ஓடும்னு நீதானேய்யா சொன்னே?" என்றார் தேசிகாமணி.

"இப்ப ஓடிட்டிருக்கிறதே அந்த இன்னொண்ணுதான் சார். அதுவும் போச்சுன்னா பிடிக்க ஆளில்ல."

"அது போகும்போது பாப்போம்."

மறுபடி மறுபடி போய் நின்றான். சர்வர் ரூமில் இருந்த ஏ.சி.யை வெளிநாட்டு வியாபாரி வருகிறார் என்று கெஸ்ட் ஹவுஸுக்குக் கழற்றிக்கொண்டு போனபோது போய் நின்றான். மெஷின்களின் பஞ்சுத்தூசி பறந்து வந்து விசிறியில் அடை அடையாக அப்பியபோது போய் நின்றான். யு.பி.எஸ். பேட்டரிகள் பூரி மாதிரி உப்பிக்கொண்டு வந்தபோதும் போய் நின்றான். எல்லாவற்றையும் நகல் எடுத்து வீட்டில் வைக்கலாம் என்று தானே ஒரு டிஸ்க் வாங்கி எடுத்துப்போனபோது, கம்பெனி விஷயம் கேட்டைத் தாண்டக் கூடாது என்று செக்யூரிட்டியை விட்டுப் பிடுங்கி வாங்கி, சர்வரின் தலைமேலேயே வைக்கச் சொன்னார் தேசிகாமணி. சித்திரை வெயிலில் கரண்ட் போய், ஜெனரேட்டர் பிடித்து, போன கரண்ட் எகிறிக் குதித்து வந்த அந்த மத்தியானத்தில் பெட்டியும் கருகியது, அதன் தலைமேல் இருந்த நகலும் கருகியது.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றும்போதே வழக்கம்போல மனைவியைக் கூப்பிட வாயெடுத்தான் வெயிலுமுத்து. அந்தப் பக்கத்தில் பெண்டாட்டியைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் புருஷன்கள் குறைவு. "ஏ", "இந்தா", "ஏட்டி" இவற்றிலேயே ஆயுசை ஓட்டிவிடுவார்கள். இவன் மட்டும் முழுப்பெயரையும் இழுத்துச் சொல்வான், தெருவே கேலி பண்ணும், அவள் அடுப்படியிலிருந்து ஈரக்கையோடு சிரித்துக்கொண்டு வருவாள். அன்று திறந்த வாயோடு வாசலிலேயே நின்றான். அவள் உள்ளே இருந்து எட்டிப் பார்த்து, "உங்களுக்கும் வரலையா?" என்றாள்.

சென்னையில் ஒரு கம்பெனி கருகிய டிஸ்க்கைத் தூசியில்லாத அறையில் வைத்துப் பிரித்து, உள்ளே இருப்பதை மீட்டுத் தருவதாகச் சொன்னது. அதற்கு ஆகும் செலவைக் கேட்டதும் தேசிகாமணி கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "வெறும் பேருக்குப் போயி இவ்வளவா? டோக்கன் நம்பர் கழுத்துலதானே தொங்குது? சம்பளத்துக்கு அது போதாதா?" என்றார். அந்த வாரமே டிஸ்க்குகள் பழைய இரும்போடு எடைக்குப் போயின. வெயிலுமுத்து விஷயம் கேள்விப்பட்டுச் சைக்கிளை மிதித்து இரும்புக்கடைக்கு ஓடினான். கடைக்காரர் குவியலைக் காட்டினார். அது முந்தின நாளே லாரி ஏறிவிட்ட குவியலின் மிச்சம். அதில் ஒரு நெளிந்த மூடி மட்டும் கிடைத்தது.

ஊர் அதைத் தாங்கிக்கொண்டது. எதைத்தான் தாங்காத ஊர் அது! மில் கேட் டீக்கடைக்காரர் ஆட்களை அவரவர் குடிக்கும் டீயை வைத்துக் கூப்பிட்டார். "சீனி கம்மி"க்குக் கல்யாணம் நிச்சயமானது, "ஸ்ட்ராங்"குக்கு ஆண் குழந்தை பிறந்தது. கோயிலில் அர்ச்சனைத் தட்டை வாங்கிய ஐயர் நட்சத்திரத்தை மட்டும் சொல்லி, பெயருக்கான இடத்தில் மணியை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டுப் போனார். கல்யாணப் பத்திரிகையில் மணமகள் பெயர் இருக்க வேண்டிய இடம் வெள்ளையாக இருந்தது. அந்த இடத்தில் பிள்ளையார் படம் போடலாமா என்று அச்சகத்துக்காரர் கேட்டார், போடச் சொன்னார்கள். ரேஷன் கார்டில், ஆதாரில், பீரோவுக்குள் இருந்த பத்தாவது மார்க்கு ஷீட்டில் எழுத்துகள் நீர் பட்டதுபோல் கலங்கிக் காணாமல்போயின. சிறுவயதில் பச்சை குத்திக்கொண்டவர்களின் முன்னங்கையில் பெயர் கரைந்து பாசி படிந்த மாதிரி ஒரு திட்டு மிஞ்சியது. பள்ளிக்கூடத்தில் டீச்சர் அம்மா பெயர் கேட்டபோது ஒரு பிள்ளை யோசித்துப் பார்த்து, "அம்மா" என்று எழுதி முழு மார்க்கு வாங்கியது.

புதுப்பெயர் வைத்துப் பார்க்காமலும் இல்லை. வீடு வீடாகத் தொட்டில் கட்டாத குறையாகக் காதில் மூன்று முறை சொல்லி வைத்தார்கள். காலையில் வைத்த பெயர் வேலைக்குக் கிளம்பும்போதே தளர்ந்து, சாயங்காலத்துக்குள் கழன்று விழுந்தது. வெயிலுமுத்து தினமும் குளித்துவிட்டு மனைவியை எதிரே உட்கார்த்தி ஒரு பெயர் வைத்தான். பூப்பெயர், நதிப்பெயர், சாமிப்பெயர் என்று அவனுக்குத் தெரிந்த அத்தனை பெயரும் ஒவ்வொன்றாக வந்து ஒவ்வொன்றாகப் போயின. ஒரு நாள் அவள், "விடுங்க. தினமும் கழட்டிப் போட எனக்குச் சங்கடமா இருக்கு" என்றாள். பிறகு அவன் வைக்கவில்லை.

மில்லுக்கு மட்டும் இது சௌகரியமாக இருந்தது. கையெழுத்துப் போட முடியாததால் யாரும் மனுக் கொடுக்கவில்லை. சங்கத்தில் சேர்க்கப் பெயர் இல்லாததால் சங்கம் கரைந்தது. யாரை வேலையை விட்டு நிறுத்தினாலும், நிறுத்தப்பட்டது யார் என்று சொல்லி எவரும் சண்டை பிடிக்க முடியவில்லை. சூப்பர்வைசர்கள் கையைத் தட்டிக் கூப்பிட்டார்கள். ஒரு தட்டுக்கு ஒரு வரிசையே திரும்பிப் பார்த்தது. "முன்னைக்கு இப்ப மில்லு எவ்வளவு அமைதியா இருக்கு பாரு" என்று தேசிகாமணி வெயிலுமுத்துவிடமே சந்தோஷப்பட்டார்.

மழைக்காலத்தில் ஒரு வரிக்கணக்கு விஷயமாகப் பழைய தகவல் வேண்டியிருந்தது. தேசிகாமணி தன் பீரோவின் அடித்தட்டைக் குடைந்து ஒரு டிஸ்க்கை எடுத்து நீட்டினார். பல வருஷத்துக்கு முன்னால், பழைய ஆபீஸிலிருந்து புது ஆபீஸுக்கு மாறியபோது எடுத்த நகல். அதில் இருப்பவை அந்தக் காலத்து டோக்கன்களும் அந்தக் காலத்து ஆட்களும்தான் என்று வெயிலுமுத்துவுக்குத் தெரியும், தன் மனைவி வேலைக்குச் சேருவதற்கு எத்தனையோ முன்னால் எடுத்தது என்றும் தெரியும். ஆனாலும் ஒரு நப்பாசையோடு அதை ஏற்றினான்.

கம்ப்யூட்டரில் பச்சைக்கோடு நகர நகர, வெளியே பெயர்கள் வந்து இறங்கின. பஞ்சு சீவும் கார்டிங் பிரிவில் ஒரு பெரியவர் "நான் சுந்தரவேலுடா!" என்று கத்திக்கொண்டு ஓடினார். ஆரம்பத்திலிருந்து அதே டோக்கனோடு இருந்த அவரைப் போன்ற கொஞ்சம் பேருக்குச் சொந்தப் பெயரே வந்தது. மற்றவர்களுக்கு, முன்பு அந்த டோக்கனை யார் வைத்திருந்தார்களோ அவர்களுடைய பெயர் வந்து உட்கார்ந்தது. மீசை வைத்த ஒரு பையன் சொர்ணக்கிளி ஆனான். அவன் அழுதான், பிறகு பழகிக்கொண்டான். ஏனென்றால் இந்தப் பெயர்கள் கழன்று விழவில்லை. சாயங்காலம் ஆனது, இரவு ஆனது, விடிந்தது, பெயர்கள் பிடித்த பிடியில் இருந்தன.

அன்று அவன் மனைவி வேலை முடிந்து வேகவேகமாக வீட்டுக்கு வந்தாள். முகம் கழுவக்கூட இல்லை. "ஏங்க, எனக்குப் பேரு வந்திருச்சு" என்றாள்.

"என்ன பேரு?"

"பேச்சித்தாய்."

வெயிலுமுத்து அப்படியே உட்கார்ந்தான். பேச்சித்தாயை மில்லில் எல்லோருக்கும் தெரியும். செங்கழனிப்பட்டியிலிருந்து வேலைக்கு வந்த பெண். மூடி இல்லாமல் ஓடிய கார்டிங் மெஷினில் துப்பட்டா சிக்கிச் செத்துப்போனாள். அவளுடைய அப்பா கருத்தப்பாண்டி, மெஷினுக்கு மூடி போடாத மில்தான் பொறுப்பு என்று தொழிலாளர் கோர்ட்டில் போட்ட கேஸ் இத்தனை வருஷமும் இழுத்துக்கொண்டிருந்தது. அவள் செத்ததற்கு முந்தின நகல் இது. இதன் கணக்கில் பேச்சித்தாய் செத்தே இருக்கவில்லை, ஷிப்டுக்கு வந்துகொண்டிருந்தாள்.

"அது செத்தவ பேரு. உன்னோடது இல்ல" என்றான்.

"என்னோடதுன்னு ஒண்ணு இருந்துச்சுல்ல? அது என்னன்னு சொல்லுங்க பாப்போம்."

அவன் சுவரைப் பார்த்தான்.

"இன்னைக்கு சூப்பர்வைசர் 'பேச்சித்தாய்'னு கூப்பிட்டாரு. நான் ஒருத்திதான் திரும்பிப் பாத்தேன். எத்தனை மாசம் கழிச்சுன்னு தெரியுமா? எனக்குக் கண்ணுல தண்ணி வந்திருச்சு" என்றாள் அவள்.

கருத்தப்பாண்டிக்கும் அதே மத்தியானம்தான் மகளின் பெயர் திரும்பி வந்தது. கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவர் "ஏ பேச்சி!" என்று அலறி எழுந்ததாக அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். மகள் இறந்ததற்கு வாங்கிய சான்றிதழைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பார்த்தார். முத்திரை இருந்தது, கையெழுத்து இருந்தது, நடுவில் ஒன்றும் இல்லை. இரண்டு நாள் கழித்து, மில்லில் பேச்சித்தாய் என்று ஒருத்தி வேலை பார்க்கிறாளாம் என்று யாரோ சொல்ல, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு மில் கேட்டுக்கு வந்து வேப்பமரத்தடியில் நின்றார்.

ஷிப்டு விட்டுப் பெண்கள் வெளியே வந்தபோது அவர் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, சும்மா, "பேச்சி" என்றார்.

வெயிலுமுத்துவோடு வந்துகொண்டிருந்த அவன் மனைவி நின்றாள். "என்னங்கய்யா?" என்றாள்.

அந்தக் குரலைக் கேட்டதும் அவர் மரத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டார். வெயிலுமுத்து முன்னால் போய், "பெரியவரே, இவ என் சம்சாரம். மில்லுல நடந்த குளறுபடியில உங்க மக பேரு இவளுக்கு வந்திருக்கு. அவ்வளவுதான்" என்றான்.

"தெரியும் தம்பி, தெரியாமலா இருக்கேன்?" என்றார் கருத்தப்பாண்டி. "எம்மவளுக்கு மேல்வரிசைப் பல்லு ரெண்டு எடுப்பா இருக்கும். இது அவ இல்லதான்." பிறகு அவளை நிமிர்ந்து பார்த்தார். "ஆனா இருந்திருந்தா இந்த வயசுதான் இருக்கும்."

அவள் தூக்குவாளியை வெயிலுமுத்துவிடம் கொடுத்துவிட்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவளுக்கும் அப்பா இருந்தார், தென்காசிப் பக்கம். பெயர் போன பிறகு போன் பண்ணினால் மகளை என்ன சொல்லி அழைப்பது என்று கூச்சப்பட்டு, "ஹலோ, ஹலோ" என்று சொல்லிச் சொல்லி, கொஞ்சம் கொஞ்சமாகப் பேசுவதையே விட்டிருந்தார். அதற்குப் பிறகு வாரத்தில் ஒரு நாளாவது கருத்தப்பாண்டி வந்தார். வரும்போது பனங்கிழங்கோ கொய்யாப்பழமோ கொண்டுவந்தார். அவளுக்கு அதற்கு முன் பனங்கிழங்கு பிடிக்காது.

இது தேசிகாமணி காதுக்குப் போகாமல் இருக்குமா? வெயிலுமுத்துவைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அதுவரை அவனை உட்காரச் சொன்னதில்லை.

"உன் வீட்டம்மா கோர்ட்டுக்கு வந்து பேரைச் சொன்னாப் போதும். பேச்சித்தாய், டோக்கன் நம்பர் இது, இன்ன ஷிப்டு. செத்த ஆளு டூட்டியில இருக்கும்போது கேஸ் எங்க இருக்கு?"

"சார், அது பொய் சார்."

"எது பொய்? அவ பேரு வேற என்னன்னு சொல்லு, நான் இதை விட்டுடுறேன்." அவர் காத்திருந்தார். பிறகு தணிந்த குரலில், "பேரு இல்லாத ஆளுங்களை மில்லு எத்தனை நாள் வச்சிருக்கும் முத்து? யோசிச்சுப் பாரு" என்றார்.

மில்லின் கணக்கு கோர்ட்டில் சாட்சியாக நிற்கப்போகிறது என்பதால், கேட்காமலே எல்லாம் வந்து இறங்கியது. புது சர்வர் வந்தது. ஜோடி ஜோடியாக டிஸ்க்குகள், ஒன்று செத்தால் ஓடும்போதே மாற்றிக்கொள்ளும்படி உதிரிகள், இரண்டு யு.பி.எஸ்., கண்ணாடிக் கதவு, தூசி வடிகட்டி எல்லாம் வந்தன. கெஸ்ட் ஹவுஸ் ஏ.சி. திரும்பி வந்தது, கூட இன்னொன்றும் வந்தது. மணிக்கொரு முறை நகல் எடுத்து ஒன்று கோயம்புத்தூருக்கும் ஒன்று வேறு மாநிலத்துக்கும் போகும்படி வெயிலுமுத்து தன் கையாலேயே கட்டினான். இத்தனை வருஷம் மனதுக்குள் வரைந்து வைத்திருந்ததை ஒரு குறை இல்லாமல் கட்டினான். தீ பிடித்தாலும், வெள்ளம் வந்தாலும், யாராவது வேண்டுமென்றே அழித்தாலும் ஒரு எழுத்து தொலையாது. கட்டி முடித்த அன்று பகல் முழுக்க அந்தக் குளிர்ந்த அறையில் உட்கார்ந்து பேச்சித்தாய் என்ற வரியைத் திரையில் எடுத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். அழிக்கும் பட்டனுக்கு மேல் விரலை வைத்தான். அழித்தால் அடுத்த மணிக்குள் கோயம்புத்தூர் நகல் அதைத் திருப்பி எழுதிவிடும், அப்படித்தான் அவன் கட்டியிருந்தான். ஒருவேளை எழுதாமல் விட்டாலும், அவன் மனைவி மறுபடி கை தட்டினால் திரும்பிப் பார்க்கிறவளாக ஆகிவிடுவாள். விரலை எடுத்துவிட்டான்.

கோர்ட்டு நாளன்று அவள் மாம்பழக் கலர் புடவை கட்டிக்கொண்டாள். பஸ்ஸில் போகும்போது, "நீ சொல்லலைன்னா வேலை போகும், போனாப் போகட்டும். நான் இருக்கேன்ல?" என்றான் வெயிலுமுத்து.

"நீங்க இருக்கீங்க. நான் இருக்கணும்ல?" என்றாள்.

கோர்ட்டில் பெயர் கேட்டார்கள். அவள் சொன்னாள். டோக்கன் எண்ணைச் சொன்னாள், ஷிப்டைச் சொன்னாள். மில் வக்கீல் கணக்கை நீட்டினார். நீதிபதி ஒரு பக்கம் வெள்ளையாகிப்போன சான்றிதழையும் இன்னொரு பக்கம் உயிரோடு நிற்கும் பெண்ணையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கருத்தப்பாண்டியைக் கூண்டுக்குக் கூப்பிட்டார். வெயிலுமுத்துவுக்கு அப்போது நெஞ்சுக்குள் ஒரு தெம்பு வந்தது. இந்த மனுஷன் விடமாட்டார், இத்தனை வருஷம் கோர்ட்டு வராந்தாவில் கட்டுச்சோறு தின்று போராடியவர், இவர் இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று நினைத்தான்.

"இந்தப் பெண் உங்கள் மகளா?" என்று கேட்டார் நீதிபதி.

கருத்தப்பாண்டி துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். அவளைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்திருந்தாள். நிமிர்ந்து பார்க்கட்டும் என்பதுபோல அவர் வெகுநேரம் பார்த்தார். அவருடைய வக்கீல் "சொல்லுங்க பெரியவரே, இல்லைன்னு சொல்லுங்க" என்று கிசுகிசுத்தார்.

"ஆமாங்கய்யா, எம்மவதான்" என்றார் கருத்தப்பாண்டி.

"அப்படியானால் இறந்தது யார்?"

"யாரும் சாகலைங்கய்யா."

கேஸ் முடிந்தது. தேசிகாமணி எழுந்து கருத்தப்பாண்டியின் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுக் காரில் ஏறிப் போனார். வராந்தாவில் கருத்தப்பாண்டியின் வக்கீல் கேஸ் கட்டைக் கட்டிக்கொண்டே, "மெஷினுக்கு இனி எவன்யா மூடி போடப்போறான்?" என்று யாரிடமும் என்றில்லாமல் கேட்டார்.

பஸ் ஸ்டாண்டில் மூவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து இளநீர் குடித்தார்கள். செங்கழனிப்பட்டி பஸ் முதலில் வந்தது. அவள் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்து, "அப்பா வீட்டுக்குப் போயிட்டு வர்றேங்க" என்றாள், எல்லாப் பெண்டாட்டிகளும் சொல்வதைப்போல. எப்போது வருவாய் என்று அவன் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்வாள் என்று பயமாக இருந்தது. கருத்தப்பாண்டி முன்னால் ஏறி, ஜன்னலோர இருக்கையைத் துண்டால் துடைத்து அவளுக்குக் காட்டினார். "காத்து நல்லா வரும், இங்கன உக்காரு பேச்சி."

பஸ் உறுமியது. வெயிலுமுத்து எழுந்து நின்றான். அவள் உட்கார்ந்து, பையை மடியில் வைத்து, கம்பிக்கு அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பி அவரிடம் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். கூப்பிட்டால் திரும்புவாள். கூப்பிட அவனிடம் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது.

அந்நேரம் அவன் சட்டைப்பையில் போன் அடித்தது. தேசிகாமணி.

"முத்து, இன்னைக்கு நகல் எல்லாம் எடுத்தாச்சா? ரெண்டு ஊருக்கும் போயிருச்சா?"

பஸ் நகர்ந்து, பூக்கடை வரிசையைத் தாண்டி, வளைவில் திரும்பியது.

"போயிருச்சு சார்" என்றான் வெயிலுமுத்து. "எல்லாம் பத்திரமா இருக்கு."